பழந்துணி

மருதாசலம் சோற்றை நிறுத்தி அன்றைக்கு நாலு நாள். கோபித்துக்கொண்டு நிறுத்தியிருந்தால் சென்னியம்மாள் காலைப் பிடித்தாவது, கத்திக் கூப்பாடு போட்டாவது இரண்டு வாய் ஊட்டியிருப்பாள். பசியில்லை என்று நிறுத்தியிருந்தால் இஞ்சியைத் தட்டிச் சாறு கொடுத்திருப்பாள். அந்த மனுசன் யோசித்து, கணக்குப் போட்டு நிறுத்தியிருந்தார். தின்றால் வரும். வந்தால் எரியும். தின்னாவிட்டால் வராது. முப்பது வருசம் இழை எண்ணிப் பழகின ஆள் போட்ட கணக்கு. அதில் எங்கே பிழை இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆடி மாதம் பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. குமாரபாளையத்தில் ஆடிக்காற்று ஒரு நிமிசம் மனுசரைச் சும்மா இருக்க விடாது. கூரை ஓட்டைத் தட்டும், கதவைத் தட்டும், அடுப்புச் சாம்பலை அள்ளிச் சோற்றில் போடும். சென்னியம்மாளும் அப்போது அப்படித்தான் இருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோய் நிற்பாள். விடியும் முன்னால் கூடையில் துணியை வைத்து, மேலே சாணி வறட்டியை அடுக்கி மூடிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். குளிக்கும் துறை, வண்ணார் துறை இரண்டையும் தாண்டி, சுடுகாட்டுக்கும் கீழே ஒரு பாறை இருந்தது. தாலி கட்டின பெண்கள் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார்கள். அதனால்தான் அங்கே போனாள். மேட்டூரில் அணை கட்டி நாலு வருசம் ஆகியும் காவேரி அந்த ஆடியில் கலங்கித்தான் ஓடியது. அந்தச் செந்தண்ணீரில் கையளவு கையளவாக அறுத்த துணிகளை அலசி, முறுக்கிப் பிழிந்து, வெளிச்சம் வருவதற்குள் வீடு திரும்பிவிடுவாள். ஊருக்குத் தெரியக்கூடாது. அவளுக்கு அப்போது அதுதான் பெரிசு.

ஊருக்கு என்ன தெரியும்? மருதாசலம் வைகாசி மாதம் தறிக்குழியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார், குடல் முறுக்கிக்கொண்டது, பரிசலில் போட்டு ஆற்றைக் கடந்து, அங்கிருந்து வண்டியில் அரை நாள் தூரத்தில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், ஆப்ரேசன் செய்து பிழைத்துக்கொண்டார் என்பது வரைக்கும் தெரியும். அந்த ஆப்ரேசனில் என்ன செய்தார்கள் என்பது வீட்டில் இருந்த மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அழுகின குடலை அறுத்து எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் முனையை இடது பக்கம் அடிவயிற்றில் வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார் டாக்டர். இனிமேல் வெளிக்குப் போவது அந்த வழியாகத்தான், ஆனால் ஆளுக்கு ஆயுசுக்குக் குறைவில்லை என்று சொல்லி அனுப்பினார். அதற்கு வீட்டில் யாரும் பேர் வைக்கவில்லை. 'அது' என்றுதான் சொன்னார்கள்.

புறப்படுகிற அன்றைக்கு நர்ஸம்மா சென்னியம்மாளைப் பக்கத்தில் நிறுத்திவைத்து எல்லாவற்றையும் செய்து காட்டினாள். தெற்கத்திப் பேச்சுக்காரி, வெடுக்வெடுக்கென்று பேசுவாள்.

"இங்க பாருங்க. அது செவப்பாத்தான் இருக்கும், ஈரமாத்தான் இருக்கும். பயப்படக் கூடாது. அது அவருக்கு வலிக்காது. நீங்க பாத்துக்க வேண்டியது சுத்தியிருக்கிற தோலைத்தான். பழைய துணியா எடுத்துக்கணும். கொதிச்சு ஆறின தண்ணியில நனைச்சு ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. ஈரம் போகிற மட்டும் காத்தாட விடணும். அப்புறம் இந்தக் களிம்பை மெல்லிசாத் தடவி, துணியை நாலா மடிச்சு வச்சு, மேல அகலத் துணியால சுத்திக் கட்டணும். நனைஞ்சா உடனே மாத்தணும். என்ன?"

சென்னியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் செய்தாள். ஒன்றைத் தவிர. 'பழைய துணி' என்றபோது அவளுக்குச் சுருக்கென்றது. ஏழைப்பட்டவர்கள் என்று நினைத்துச் சொல்கிறாள் போலிருக்கிறது, நாம் தறிக்காரர்கள் என்று இவளுக்கு யார் சொன்னார்கள், எங்கள் வீட்டில் புதுத்துணிக்கா பஞ்சம் என்று மனசுக்குள் ஒரு வெட்டு வெட்டிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மருதாசலமே சொன்னார், "தறியில பன்னெண்டு மொழம் நிக்குது. அதை அறுத்துக்க." அவர் விழுந்த அன்றைக்கு நெய்துகொண்டிருந்த துணி, படமரத்தில் சுருட்டினபடியே இருந்தது. கையில் எடுத்தால் மொடமொடவென்று நிற்கும். சென்னியம்மாள் அதை அறுத்து மடித்தாள். துவைத்த பிறகு, அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் செய்கிறதைத்தான் செய்தாள்: கஞ்சியில் முக்கிக் காயப்போட்டாள். துணி என்றால் கஞ்சி இருக்க வேண்டும். துவண்ட துணியைப் புருசனுக்குக் கொடுக்கிறவளை அந்தத் தெருவில் எவளும் மதிக்க மாட்டாள். அவருடைய அக்கா ராசாத்தி, தாலி அறுத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள், கஞ்சியைத் தானே காய்ச்சிக் கொடுத்தாள்.

நாற்பது நாளில் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய்விட்டது.

அன்றைக்கும் ஆற்றிலிருந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு, கொதித்து ஆறின தண்ணீர்ச் செம்போடு தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருதாசலம் பாயில் மல்லாந்து கிடந்தார். கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. நாலு நாளாக வெறும் தண்ணீரும், கெஞ்சினால் ஒரு முடக்கு நீராகாரமும்தான். அவள் மேல்கட்டை அவிழ்த்தாள். அடித்துணி தோலோடு ஒட்டியிருந்தது.

"மெதுவா எடு புள்ள."

"மெதுவாத்தானுங்க எடுக்கறேன். ஒட்டிக்கிச்சு. சித்த பொறுத்துக்கங்க."

"தண்ணி ஊத்து."

"ஊத்திட்டேனுங்க. எறங்க மாட்டேங்குது."

துணி வந்தது, கூடவே தோலும் வந்தது. மருதாசலம் கையை நீட்டிப் படமரத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த மரத்தில் வயிற்றை அணைத்துக்கொண்டு முப்பது வருசம் உட்கார்ந்தவர். வாயைத் திறந்து கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கத்தவில்லை. நடுவில் அது மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் மாதுளம் மொட்டுப் போலச் சிவப்பாக, பளபளவென்று இருந்தது. சுற்றிலும்தான் நீர் கசிகிற ரணம். அவள் ஒத்தினாள், விசிறினாள், களிம்பைத் தடவினாள். கசிகிற இடத்தில் களிம்பு நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"கட்டி வுடு, போதும்."

"ரெண்டு வாய் கரைச்ச சோறு கொண்டாரட்டுங்களா?"

"ஓண்டாம்."

"நாலு நாளாச்சுங்க."

"ஆமா, நாலு நாளாச்சு. பாத்தியா, இன்னைக்குச் சலம் மாதிரி கொஞ்சூண்டுதான் வந்திருக்குது. நாளைக்கு அதும் வராது. அப்படியே காஞ்சு போயிரும்."

"காஞ்சு போறது அதில்லீங்க. நீங்க."

"எரியறது உனக்கில்ல சென்னி."

அவள் மேல்துணியைச் சுற்றிக் கட்டினாள். அந்த நேரம் பார்த்து அது ஒரு சத்தம் போட்டது. வெறும் வயிற்றில் காற்று ஓடுகிற சத்தம். மருதாசலம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தச் சத்தத்துக்காகவே அவர் உறம்பரை சனம் யாரையும் பார்க்க வரவிடவில்லை. கோயில் பூசாரி விபூதி கொண்டுவந்தபோது தூங்குகிற மாதிரி கிடந்தார்.

ராசாத்தி நிலைப்படியில் நின்றுகொண்டு சொன்னாள், "உள்ள இருக்கோணும்னு சாமி வெச்ச கொடலை வெளிய இழுத்து வெச்சா அழுவாம என்ன செய்யும்? அது அழுவுது. அதேன் சுத்தியும் அழுவுது. எந்தம்பியை அந்த டாக்டரு அரைக்கொலை பண்ணி அனுப்பிச்சிருக்கறான்."

"நங்கையா, அவுரு காதுல உழுகற மாதிரி பேசாதீங்க."

"காதுல உழுந்தா என்ன? அவனுக்குத் தெரியாததா? தெரிஞ்சுதான சோறு ஓண்டாங்கறான்."

சென்னியம்மாளுக்கு அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைக்குப் போனாள், திரும்பி வந்தாள், பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். பக்கத்து வீடுகளில் தறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இவர் இப்படியே போய்விடுவார், இன்னும் நாலு நாள், மிஞ்சிப்போனால் ஆறு நாள் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்த ஆள் வீட்டில் பட்டினி கிடந்து சாகப் போகிறார். 

அன்றைக்கு அதே தெருவில் மாரியப்பன் வீட்டுப் பாவு. பாவடியில் முளை அடித்து, தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைக்கிற வேலை. ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டார் வந்து கை கொடுப்பது அங்கே வழக்கம். மருதாசலத்தின் கடைசிப் பாவுக்கு மாரியப்பன் வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். போகாமல் இருக்க முடியாது. போனால் கொஞ்ச நேரம் அந்த வீட்டைவிட்டு வெளியே இருக்கலாம் என்றும் அவளுக்கு இருந்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

ஆண்கள் குச்சுப் பிரஷால் பாவை நீவிக்கொண்டு போனார்கள். சென்னியம்மாள் கஞ்சிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, விரலால் நூலுக்குக் கஞ்சி ஏற்றிக்கொண்டே, அறுந்த இழைகளைப் பிணைத்தாள். காற்று கஞ்சியை ஏற்றுகிற முன்னாலேயே காயவைத்தது. இழை பட்பட்டென்று அறுந்தது.

"காத்தா இது! சனியன்," என்றான் மாரியப்பன். "சென்னி, அந்தக் கோடியில ரெண்டு தொங்குது பாரு."

அப்போதுதான் செல்லாயி வந்தாள். அந்தத் தெருவுக்குத் துணி வெளுக்கிறவள். சென்னியம்மாளின் வயசுதான் இருக்கும். பொதிக்கழுதையைப் பாவடி ஓரத்தில் நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க அம்மிணி, உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கோணுங்க."

"இப்பவா செல்லாயி? பாவு காயுது பாரு."

"காயட்டுங்க. என்ற மனசும் காஞ்சுதான் கெடக்குது. ஒன்றரை மாசமா உங்கூட்டு மூட்டையில மொதலியாரு துணி ஒண்ணு வாரதில்ல. கேட்டா இல்லை இல்லைங்கறீங்க. சீக்காளி ஊட்டுல அழுக்குத் துணி இல்லைன்னா ஆருங்க நம்புவா? ஆரு தொவைக்கறாங்க? அக்கரை வண்ணான் எவனாச்சும் வந்து எடுத்துட்டுப் போறானுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. போ, அப்பறம் பேசலாம்."

"நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேனுங்க? பொங்கலுக்குப் பொங்கலு இந்தக் கையிலதான பழந்துணி போட்டீங்க? உங்க புள்ள பொறந்தப்ப பொறந்த துணியைத் தொவைச்சது இந்தக் கைதானுங்களே? இப்ப மட்டும் வேற ஆளா? எனக்கு அது சொல்லிப்போடுங்க, நான் போயிடறேன்."

மாரியப்பன் பிரஷை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "ஏஞ்செல்லாயி, மருதாசலண்ணன் இப்பத் துணியே கட்டறதில்லையோ என்னமோ! அதேன் ஊட்டை வுட்டு வெளிய வாரதில்ல."

அவன் கெட்டவன் இல்லை, தமாசுக்குச் சொன்னான். நாலு பேர் சிரித்தார்கள். சென்னியம்மாளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கஞ்சிச் சட்டியைத் தரையில் வைத்தாள். கஞ்சி வழிகிற கையாலேயே செல்லாயியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். தெருவே வாயடைத்துப் பார்த்தது. வண்ணாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முதலியார் வீட்டுப் பெண் அந்தப் பாவடியில் நடந்ததை அவர்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் நிறுத்தினாள். கொடியில் காலையில் கஞ்சி போட்ட துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"பாரு. எவனும் வந்து எடுத்துட்டுப் போகலை. நாந்தான் தொவைக்கறேன். சுடுகாட்டுக்குக் கீழ போயித் தொவைக்கறேன். போதுமா?"

"ஏனுங்க அம்மிணி? அங்க எதுக்குங்க?"

சென்னியம்மாள் சொன்னாள். நாற்பது நாளாக யாரிடமும் சொல்லாததை மூச்சு விடாமல் சொன்னாள். அறுத்ததை, வெளியே வைத்துத் தைத்ததை, தோல் போனதை, அது அழுகிறது என்று ராசாத்தி சொன்னதை, அவர் சோற்றை நிறுத்தினதை. சொல்லி முடித்ததும் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

செல்லாயி முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு, "இதுக்கா அம்மிணி என்கிட்ட மறைச்சீங்க?" என்றாள். "இந்த ஊருல என்ற கைக்கு வராத துணி எதுங்க? தீட்டுத் துணி, பெரசவத் துணி, அம்மை போட்ட துணி, பொணத்து மேல போத்துன துணி. அட, ஆரு வவுத்துலதான் மல்லிப்பூ இருக்குது?"

சொல்லிக்கொண்டே கொடித் துணியைத் தொட்டாள். அவள் கை நின்றது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் கசக்கிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இதுக்குக் கஞ்சி போட்டிருக்கீங்களா?"

"ஆமா. போடாம?"

"புதுசா இது?"

"தறியிலிருந்து அறுத்தது."

செல்லாயி கொல்லைத் தொட்டியில் கையை நனைத்து, கொடித் துணி ஒன்றை உள்ளங்கையில் விரித்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு துணிமேல் அப்படியே நின்றது. காற்று அடித்ததும் உருண்டு ஓரத்துக்குப் போய்க் கீழே விழுந்தது. துணி நனையவில்லை.

"பாத்தீங்களா? இது தண்ணி குடிக்காதுங்க அம்மிணி. இது பெருமைக்குக் கட்டற துணி. வாரதெல்லாம் எங்கீங்க போகும்? தோலு மேலயே நிக்கும். கஞ்சி ஊறிப் புளிக்கும். காஞ்சா பசை மாதிரி ஒட்டும். இழுத்தா தோலு வரும். அந்தத் தோலு மேல மறுக்கா இதையே கட்டறீங்க. அது அழுவுலீங்க. இந்தத் துணிதான் தோலைத் தின்னுது. புண்ணுக்குத் துணி கட்டலை நீங்க, புண்ணையே தறியில நெஞ்சு குடுத்திருக்கீங்க."

சென்னியம்மாள் தன் கையைப் பார்த்தாள். பாவடியில் பட்ட கஞ்சி காற்றில் காய்ந்து, விரல் தோலைச் சுருக்கி இழுத்துக்கொண்டிருந்தது. கஞ்சியோடு பிறந்து கஞ்சியோடு வளர்ந்தவள். பாவு வேலை முடிந்தால் விரல் வெடிக்கும், விளக்கெண்ணெய் தடவிக்கொள்வாள், அவ்வளவுதான். அதைப் புருசனின் வயிற்றோடு சேர்த்து ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. காய்ந்த கஞ்சியை நகத்தால் கிள்ளினாள். ஏடாக வந்தது. 'பழைய துணியா எடுத்துக்கணும்' என்ற நர்ஸம்மாவின் குரல் இப்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது.

உள்ளே ஓடினாள். பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் இழுத்துப் போட்டாள். எல்லாம் மடிப்புக் கலையாத துணி, எல்லாம் கஞ்சி. பழசு என்று பார்த்தால் விளக்குத் திரிக்குக் கிழித்த ஒரு முழம் கந்தல், எண்ணெய்ப் பிசுக்கோடு. வருசா வருசம் தைப்பொங்கலுக்குப் பழந்துணி எல்லாம் வண்ணாருக்குப் போய்விடும். ஊருக்கெல்லாம் துணி நெய்கிற வீட்டில் ஒரு புண்ணுக்குக் கட்டப் பழந்துணி இல்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கொல்லை வாசலில் நின்றபடி செல்லாயி சொன்னாள், "என்ற ஊட்டுல இருக்குதுங்க. உங்கூட்டுதுதான். மொதலியாரு கட்டி, ஏழெட்டு வருசம் வெள்ளாவியில வெந்து வெந்து, தொட்டா கையில நிக்காது. ஆனா எனக்குன்னு குடுத்த துணிங்க அது. கூசாம வாங்குவீங்களா?"

ராசாத்தி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். "என்ன பேச்சு இது? வண்ணாத்திக்குக் குடுத்த துணியைத் திருப்பி வாங்கறதா? தெரு சிரிக்கும். எந்தம்பி மேல அதைப் போடறதா? ஏ புள்ள, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"நங்கையா, தெரு ஏற்கெனவே சிரிச்சுப்போட்டுது. நான் கேட்டுட்டுத்தான் வாரேனுங்க."

"குடுத்த கையி வாங்கக் கூடாது சென்னி. குடும்பத்துக்கு ஆகாது."

"இப்ப வாங்குனா தாலியோட வாங்கறனுங்க. இன்னும் நாலு நாளு போச்சுன்னா நான் ஆருகிட்டயும் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராசாத்தியின் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.  அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்ப் பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். விறகை உள்ளே தள்ளுகிற சத்தம் கேட்டது.

சென்னியம்மாள் பாவடி வழியாகவே போனாள். மாரியப்பன் வீட்டுப் பாவு பாதி காய்ந்து நின்றது. "எங்க போற?" என்று யாரோ கேட்டார்கள். "செல்லாயி ஊட்டுக்கு," என்றாள், நிற்காமல். வண்ணார் வளவில் செல்லாயி உள்ளே போய் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து, வழக்கப்படி வாசல் கல்லில் வைக்கக் குனிந்தாள். சென்னியம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். செல்லாயி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலேயே கொடுத்தாள்.

"அம்மிணி, ஒண்ணு சொல்றேன். நனைஞ்ச துணியை இனி எனக்குக் குடுத்துப்போடுங்க. வெள்ளாவி வெச்சுத் தாரேன். சுடுகாட்டுப் பக்கம் இனிப் போகாதீங்க."

"குடுக்கறேன்," என்றாள் சென்னியம்மாள். மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மருதாசலத்துக்குக் காலையில் போட்ட கட்டை, இந்தத் தடவை தண்ணீரை ஊற்றி ஊற்றி, கஞ்சி கரைந்து துணி தானாக விடுகிற மட்டும் காத்திருந்து எடுத்தாள். ராசாத்தி செம்பு செம்பாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். சென்னியம்மாள் பழந்துணியில் ஒத்தி எடுத்தாள். தேய்க்கவில்லை. சாளரத்தைத் திறந்துவிட்டாள். பத்து நாளாகப் படுத்தின ஆடிக்காற்று அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. ரணத்தின் மேல் ஈரம் வற்றியது. களிம்பு நின்றது. மேலே பழந்துணியை நாலாக மடித்து வைத்தாள்.

மருதாசலம் அந்தத் துணியின் முனையைக் கையில் பிடித்தார். விரல் தானாகக் கரையைத் தேடிப் போனது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"செல்லாயி ஊட்டுலிருந்துங்க."

"இது நான் நெஞ்சது. நம்ம புள்ள கண்ணாலத்துக்கு." கரையை வெளிச்சத்தில் திருப்பினார். "மயில்கண் கரை. இங்க பாரு, அன்னைக்கு அவசரத்துல ஒரு இழை தப்பிப்போச்சு. ஆருக்கும் தெரியாதுன்னு வுட்டுட்டேன். இன்னும் இருக்குது."

"தப்பு எம்மேலதானுங்க," என்றாள் சென்னியம்மாள். "நர்ஸம்மா பழந்துணின்னுதான் சொன்னாங்க. நாந்தான் பெருமைக்குப் புதுசு கட்டி, கஞ்சி போட்டு, உங்க தோலை உரிச்சேன். அது அழுவுலீங்க. உங்களை நாந்தான் இப்படிப் பண்ணிப்போட்டேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. கரையையே தடவிக்கொண்டிருந்தார். "தறியில நின்னதை அறுத்துக்கன்னு சொன்னது ஆரு?" என்றார் கடைசியில். "கட்டு, கட்டு. காத்து அடிக்குது."

கட்டி முடித்ததும் தூங்கிப்போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பகலில் தூங்கி அவள் பார்த்ததில்லை. செத்துக்கித்துப் போய்விட்டாரோ என்று இரண்டு தரம் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தாள். ரணம் ஒரு நாளில் ஆறிவிடவில்லை. அது ஆறி மேல்தோல் மூடப் பதினெட்டு நாள் ஆனது. ஆனால் பொழுது சாய்கிற நேரத்தில் அவர் கண் விழித்து, அவள் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது, வந்த ஈரத்தைத் துணி குடித்திருந்தது. கீழே தோல் காய்ந்து இருந்தது. துணி ஒட்டவில்லை, எடுத்தால் கையோடு வந்தது.

"எரியுதுங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லாத ஆள், யோசித்துத்தான் சொல்வார். "இருக்குது. வெடியால இருந்த மாதிரி இல்ல."

சென்னியம்மாள் புதுக்கட்டைப் போட்டாள். சோற்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கேட்டால் ஓண்டாம் என்பார், சொன்ன வாய்க்காகவே பிறகு பிடிவாதம் பிடிப்பார். எழுந்தாள், உட்கார்ந்தாள், கூடையை நகர்த்தி வைத்தாள், நகர்த்தினதைத் திரும்ப எடுத்து வைத்தாள்.

"அக்கா என்ன செஞ்சிருக்குது?" என்றார் மருதாசலம், கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு.

"களிதானுங்க. கீரை கடைஞ்சிருக்குது. சோறும் இருக்குதுங்க, வடிச்சது."

"களி ஓண்டாம். சோத்துல பருப்புத் தண்ணி ஊத்திக் கொண்டா. கொஞ்சமாக் கொண்டா."

ராசாத்தி வட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். சென்னியம்மாள் அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். முதல் கவளத்தை வெகுநேரம் மென்றார். இரண்டாவதைச் சீக்கிரம் விழுங்கினார். மூன்றாவதிலிருந்து அவர் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு பெண்களும் பக்கத்தில் நின்றார்கள்.

பாதி வட்டில் காலியானபோது கட்டுக்குக் கீழே அது சத்தம் போட்டது. எப்போதும் போடுகிற சத்தம்தான், ஆனால் அன்றைக்குப் பெரிசாக, பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி போட்டது. ராசாத்தி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சென்னியம்மாளுக்கு உயிர் போய்விட்டது. வட்டிலைத் தள்ளிவிடுவார், சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார் என்று அவள் கை தானாக வட்டிலைப் பிடிக்கப் போனது.

மருதாசலம் மெல்லுவதை நிறுத்தினார். குனிந்து தன் வயிற்றை, அந்த மயில்கண் கரையை, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டின் மேல் இடது கையை மெதுவாக வைத்தார்.

"இரு, இரு. அவசரப்படாத," என்றார் அதனிடம். "இன்னும் மோருஞ்சோறு இருக்குது."